பதினோராவது பலகை

சிவகங்கையில் இந்த வண்டிக்கு வண்ணம் அடித்தவர்
பனிக்கரடியையும் பென்குயினையும்
ஒரே பாறையில் நிற்கவைத்துவிட்டார்.
ஆகவே ஒவ்வொரு ஊரிலும் என் பேச்சு
ஒரு மன்னிப்பில்தான் தொடங்கும்:
"இது வடக்கு, அது தெற்கு.
ரெண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
சம்பந்தம் பேசவும் வழியில்லை."
புதுவயலில் யாரும் சிரிக்கவில்லை.

சந்தை நாள். மணி பதினொன்றரை.
ஆலைகளில் நெல் அவியும் வாடை
எங்களுக்கு முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது.
உமிச் சாம்பல் மெல்ல இறங்கி
ஃபைபர் பென்குயினின் தலையில்
அதன் ஊரில் வேறொன்று விழுவதுபோல் விழுந்தது.
ஓட்டுநர் அடைக்கலசாமி தன் சாப்பாட்டுத் தூக்கை
அதன் இறக்கையில்தான் மாட்டுவார்.

முதல் பலகை, பூமி உருண்டை.
மூன்றாவது, நிலக்கரி, எண்ணெய், புகை.
ஐந்தாவதில் ஒருவர் கேட்டார்,
"இதுக்கு மனு எங்க கொடுக்கணும்?"
ஏழாவதில் சீருடைப் பையன்,
"அதோட கறி எப்படி இருக்கும்?"
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.
நான் பார்த்த கடல் தொண்டிக் கடல்.
பனி பற்றி என்னிடம் இருப்பது
மூன்று நாள் பயிற்சியும் ஒரு கையேடும்.

பதினோராவது பலகையில் எப்போதும் தடுமாறுவேன்.
தென்துருவத்தில் கடல்மேல் நீண்டிருக்கும் பனித்தட்டு
பல இடங்களில், மேலே அடிக்கும் வெயிலைவிட
அடியில் புகும் வெதுநீரால்தான் கரைகிறது
என்று எழுதியிருக்கும்.
படித்துக் காட்டினால் கூட்டம்
அண்ணாந்து சூரியனைப் பார்க்கும்,
பிறகு என்னை.

அன்று, மீன் பெட்டியை இறக்கிவிட்டு
நிழலுக்காக ஏறியிருந்த முத்துராக்கு சொன்னாள்:
"அது அப்படித்தான்.
வெயிலு என்ன பண்ணும்?
பெட்டிக்கு அடியில தண்ணி நின்னுச்சுன்னா
பாளம் போச்சு.
மேல பாத்தா முழுசா இருக்கும்,
தூக்குனா பாதிதான் கையில வரும்.
அதுக்குத்தானே அடியில ஓட்டை போட்டு
தண்ணிய வடிய விடுறது.
முந்தி தொண்டியிலேருந்து வர ஒரு பாளம் காணும்.
இப்ப ஒன்றரை.
அந்த அரைப் பாளக் காசு மீன் விலையில ஏறுதா?
எந்தலையில ஏறுது."

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.
மனு கேட்டவர் தலையாட்டினார்.
நான் கையேட்டை மூடினேன்.

பன்னிரண்டாவது.
பென்குயின் குஞ்சுகள், சாம்பல் நிறப் பஞ்சு.
இந்தப் பஞ்சு தண்ணீருக்கு ஆகாது என்றேன்,
நனைந்தால் விறைத்துப்போகும்.
நீந்துகிற இறகு முளைக்கும்வரை
காலடியில் பனி கெட்டியாக நிற்க வேண்டும்.
சில வருடம், இறகுக்கு இன்னும் சில வாரம் இருக்கையிலேயே
பனி உடைந்துவிடுகிறது.
ஆயிரக்கணக்கில், என்றேன்.

முத்துராக்கு படத்தை நெருங்கினாள்.
செதில் ஒட்டிய விரல், தொடவில்லை,
எண்ணுவதுபோல் ஒவ்வொன்றின் மேலும் நின்று நகர்ந்தது.
"இதுக ஆத்தா அப்பன்?"
இரை தேடப் போயிருக்கும்.
"வந்து பாக்கையில தரையே இருக்காதா?"
இருக்காது.

"நாங்க பாளத்துக்கு உமி போட்டு மூடுறோம்,"
என்றாள். "அதுக்கு யாரு போடுறது?"

ஆலைச் சங்கு ஊதியது.
பெட்டியைத் தூக்கிவிட அடைக்கலசாமி கை கொடுத்தார்.
அவள் நின்ற இடத்தில்
உள்ளங்கையளவு ஈரம், அதுவும் காய்ந்தது.

மாலை கல்லல்.
மறுபடி கரடி, மறுபடி மன்னிப்பு.
பதினோராவது பலகைக்கு முதுகைக் காட்டி நின்று
"மீன் பெட்டி பார்த்திருப்பீர்கள்" என்று ஆரம்பித்தேன்.
பார்த்திருந்தார்கள்.
அவள் கேள்வியைக் கடைசியில் கேட்டேன்.
ஒருவர் கலெக்டர் என்றார்,
ஒருவர் அமெரிக்காக்காரன் என்றார்,
ஒரு சிறுமி, "எவ்வளவு உமி வேணும்?" என்றாள்.

இருட்டியதும் அடைக்கலசாமி
ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கேட்டார்:
"நாம எரிக்கிற டீசலும் அந்த மூணாம் பலகையில சேருமா மேடம்?"
சேரும் என்றேன்.
இன்றைக்குப் பதினான்கு லிட்டர்.
பதிவேட்டில் எழுதினேன்.