மூக்கு, மூன்றாம் தரம்

பாதர் கீலியின் உடம்பு எனக்குத்தான் தெரியும்.
மட்டக்களப்பு ஆசுபத்திரியில் மருந்து கலக்கிறவன் நான்,
சைவக்காரன்.
காறை எலும்பு ஒருக்கா, விலா மூன்று,
மூக்கு இரண்டு தரம்.
இடது சுண்டுவிரல் மடங்காது;
பூசையில் அப்பம் உயர்த்தும்போது
அது மட்டும் வேறெங்கோ காட்டுமாம்.
வெலிச்சோர் சொல்லுவான்.

"கப்பலால விழுந்தீங்களா, பாதர்?"
"பந்து" என்றார்.

அமெரிக்காவில் அதை உதைக்கிறது குறைவாம்.
உரிக்காத தேங்காய் மாதிரித் தோல்;
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடவேணும்.
சம்பளத்துக்கு ஆடினார். மறுகா பழக்கினார்.
மருந்துச் சிட்டையின் முதுகில் கீறிக் காட்டினார்:
பதினொரு புள்ளடி,
வயலுக்கு மேலே போகிற கொக்குக் கூட்டம்.
முனையில் ஒருவன், பின்னால் தோளோடு தோள்,
நடுவில் பந்துக்காரன்.
"இடித்தால் சுவரும் விலகும்.
ஒரு சனிக்கிழமை என் பதினொரு பேரும் விழுந்தார்கள்.
பத்துப் பேர் எழும்பினார்கள்."

எல்மர். பத்தொன்பது வயது.

சிட்டையைத் திருப்பித் தந்தார்.
மறுபக்கம் இருமலுக்கு எழுதினது.

கொலீஜ் பொடியன்கள் எவ்வளவு கெஞ்சியும்
விசிலைக் கழுத்தில் போடவில்லை அந்த மனிசன்.
அல்ஜிப்ரா மட்டும்.

மார்கழி வெள்ளம்.
வலையிறவில் றோட்டு எது வாவி எது என்று இல்லை.
படுவான்கரையில் அகப்பட்டுக் கிடந்தோம்,
அவர் அரிசிமூட்டையோடு, நான் மருந்துப்பெட்டியோடு.
கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்தார்கள்.
குறுக்கே வந்தது.
தோணி கவிழ்ந்து போச்சு.

அங்கியைக் கழற்றித் தலையில் கட்டினார்.
"கந்தப்போடி, இதில நில். ஆதம்பாவா, தோளைக் குடு.
வெலிச்சோர், அவன்ட இடுப்பை விடாத."
என்னோடு பத்துப் பேர். முனையில் அவர்.
பந்து இருக்கவேண்டிய இடத்தில்
நாலு தலைக்கு மேலே கட்டில்,
அதில் பூரணம், பல்லைக் கடித்தபடி.

நெஞ்சளவு தண்ணீர்.
அவர் கத்தினது இங்கிலீசு,
கந்தப்போடிக்கும் விளங்கியது.
ஒரு தென்னங்குற்றி சுழன்றுகொண்டு வந்தது.
விலகியிருக்கலாம்.
விலகினால் அது எங்களுக்கு.

எழுவான்கரைச் சேற்றில்
இரத்தம் நாடியால் வழிய எண்ணினார்.
மறுகா எண்ணினார்.
ஆதம்பாவா பற்றைக்குப் பின்னால்
ஒதுங்கப் போயிருந்தான்;
அவன் கிறுகி வரும்வரை
பாதரின் முகத்தை என்னால் பார்க்க ஏலாமல் போச்சு.

பதினொன்று.

பூரணத்துக்குப் பொம்புளப்பிள்ளை.
ஆசுபத்திரிப் புத்தகத்தில் எழுதினேன்:
கீலி, பாதிரியார், மூக்கு, மூன்றாம் தரம்.
காரணம் என்ற கட்டத்தில்
என்ன போடுறதென்று கேட்டேன்.

பஞ்சு அடைத்த மூக்கால்
"பந்து" என்றார்.