ஒரு மில்லியின் விலை

மூட்டை கட்டும் கொட்டகையில் எட்டுப் பேர்.
சராசரி ஆளுக்கு ஆண்டுக்கு நாலு மில்லிசீவெர்ட்.
எண்ணான்கு முப்பத்திரண்டு,
பத்தாண்டுக்கு முந்நூற்றிருபது.
தானியங்கி இயந்திரம் நாற்பத்தாறு லட்சம்.
வகுத்தேன்:
ஒரு மில்லியைத் தடுக்கப்
பதினாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.

ஒன்பதாயிரம் வரை கொடுக்கலாம் என்கிறது சுற்றறிக்கை.
அதற்கு மேலே போனால்
'நியாயமான செலவு அல்ல'.

விசிறியும் தகரத் தடுப்பும் மூன்றேகால் லட்சம், கால்வாசி குறையும்.
அதைத்தான் முதலில் எழுதி அனுப்பினேன்.
ஓரத்தில் பச்சை மை: அடுத்த நிதியாண்டு பார்க்கலாம்.

ஆளைக் கூட்டி முறை வைத்தால் என்ன, என்றார் மேலாளர்.
எட்டைப் பதினாறாக்கினால் தலைக்கு இரண்டு.
கரைமடி மீனைப் பங்கு வைப்பது போலத்தான் சார்,
பங்கு சிறுக்கும்,
கூடை அதே கூடை.

கோப்பை மூடப் போகையில்
ததேயூஸின் பட்டை கண்ணில் பட்டது.
மூன்று காலாண்டாகக் கிட்டத்தட்டப் பூச்சியம்.
சின்னவிளைக் கரையில் ஒரு காலி மீன்பெட்டிக்கு மாட்டிவிட்டாலே
அதைவிடக் கூட வரும்.

"கழத்தி வச்சிருவேன் மேடம், டிபன் டப்பாக்குள்ள.
நாங்க எல்லாரும் பாதி நாளு அப்பிடித்தான், கேட்டியளா.
அளவு கூடிச்செண்ணு எடைமேடைக்கு மாத்துனா
அலவன்ஸ் போவும்.
மகளுக்க நர்சிங் பீஸு ஆரு கெட்டுவா?"

இரவு உண்மை அளவை ஊகித்துப் பார்த்தேன்.
ஆளுக்கு ஆறரை.
பத்தாண்டில் ஐந்நூற்றிருபது.
நாற்பத்தாறு லட்சத்தை மறுபடி வகுத்தால்
எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
ஒன்பதாயிரத்துக்குள்!
ஒரு நொடி
பரீட்சையில் கணக்கு விடை பொருந்திய சந்தோஷம்.

இயந்திரத்துக்கு இரண்டு பேர் போதும்.
மிச்ச ஆறு பேரின் அளவு
அன்று முதல் அப்பழுக்கற்ற பூச்சியம்.
சம்பளமும்.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

காலையில் கேட்டுக்கு வெளியே நின்றார்.
"எழுதிறாதிய" என்றார்,
அவ்வளவுதான்,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பென்சிலால் நாலு என்று எழுதியிருக்கிறேன்.
பக்கத்தில் ஆறரை.
மேசைக்கடியில் கால் மாற்றினால்
செருப்பிலிருந்து கருமணல் நெறுநெறுக்கிறது,
என் வீட்டு வாசல் மணல்.
அங்கே என் பிள்ளை அதில் கிணறு தோண்டி விளையாடுகிறான்,
பட்டை எதுவும் இல்லாமல்.

செவ்வாய்க்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.
ரப்பர் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.