உதிரிக் கணக்கு

ஜீப்பில் பாதி எனக்கு, பாதி அபுதாகிருக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று
கேட்டுக்கொண்டதில்லை.
டர்போ வைப்பதென்று முடிவான அன்றுதான்
எஞ்சின் முழுக்க அவனுடையது போலவும்
நான் பின்சீட்டில் தொற்றிக்கொண்டவன் போலவும்
பேசத் தொடங்கினான்.

கோயம்புத்தூரில் செட்டாகவே விற்கிறார்கள்.
ஒரே அட்டைப்பெட்டி.
டர்போ, மேனிஃபோல்டு, ஆயில் குழாய்,
வாஷர்கூட எண் போட்ட பாக்கெட்டில்.
ஐம்பத்தெட்டாயிரம். ஒரு வருஷ வாரண்டி.
"பொண்ணு வீட்டுச் சீர் மாதிரி வந்து இறங்கும்டா,
மாட்டினா போதும்."

எனக்கு அந்தப் பெட்டி பிடிக்கவில்லை.
அதன் மேல் படத்தில்
சமதளத்தில் நிற்கிறது ஒரு புது ஜீப்.
விடிகாலை ஐந்தரைக்குக் கம்பம்மெட்டு ஏறுகிற
பதினான்கு பேர், பதினான்கு தூக்குச்சட்டி,
ஆறாம் வளைவில் வண்டி திணற
நாலு பேர் இறங்கி நடப்பது,
மேலே நின்று அவர்களை மறுபடி ஏற்றிக்கொள்வது,
இதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?

கட்டப்பனையில் கவிழ்ந்த பொலிரோவின் டர்போ
ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்தது.
விரலால் சுண்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது,
வண்டி விழுந்ததை இன்னும் அறியாதது போல.
தண்டை அசைத்துப் பார்த்தேன். ஆட்டமில்லை.
அட்வான்ஸ் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது.
டர்போவின் வாய் ஓர் அளவு, எஞ்சினின் வாய் ஓர் அளவு.
நடுவில் வைக்கத் தகடு வெட்டத் தேனிக்கு.
ஆயில் ஏறும் குழாய் ஹைட்ராலிக் கடையில்.
ஆயில் இறங்கும் குழாயோ
வழியெல்லாம் கீழ்நோக்கியே இறங்கவேண்டும்,
ஓரிடத்தில் மேடேறினாலும் கசியும்.
அதை மூன்று தரம் வளைத்தோம்.
காற்றுக் குழாய்க்கு ஒரு ரப்பர் முழங்கை,
குமுளியில் இல்லை, உத்தமபாளையத்தில் இல்லை.
மதுரை போய் வந்தேன் பேருந்தில்,
மடியில் நூற்றெண்பது ரூபாய் ரப்பர்.

அபுதாகிர் ஒன்றும் சொல்லவில்லை.
சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தான்.
கூட்டினால் நாற்பத்தாறாயிரம்.
"பன்னெண்டு மிச்சம்" என்றேன்.
அட்டையைத் திருப்பிக் காட்டினான்:
வண்டி நின்ற நாள் பத்தொன்பது.
அதற்கு நேரே தொகை எதுவும் இல்லை.
எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இருபதாம் நாள் ஏறினோம்.
மெல்லிய விசில் ஒன்று.
வெளியே போகவேண்டிய புகை
போகிற போக்கில் முதுகைத் தள்ளிவிட்டது.
ஆறாம் வளைவு வந்ததும் போனதும் தெரியவில்லை.
யாரும் இறங்கவில்லை.
அபுதாகிர் என் தொடையில் ஓங்கி அடித்தான்.
விருமாயி அக்கா மட்டும்
பின்னால் நழுவும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கேட்டாள்:
"ஸ்டியரிங் பக்கத்துல என்ன ஒட்டிருக்கீங்க?"

குமுளி மெக்கானிக் ஜிஜோ
கேஸ்கெட் அட்டையில் மலையாளத்தில் எழுதித் தந்தது.
ஏறி முடித்ததும் உடனே அணைக்காதே,
ரெண்டு நிமிஷம் ஓடவிடு, டர்போ ஆறட்டும்.
வாயாலும் சொல்லியிருந்தான், நல்லவேளை.
எங்கள் இருவருக்கும் அந்த எழுத்து தெரியாது.

ஏலத்தோட்டத்துச் சம்பளச் சீட்டில்
எழுத்துப் பழகியவள் விருமாயி.
எக்கிப் பார்த்து, கூட்டிக் கூட்டி வாசித்தாள்.
"ரெண்டு மினிட்டு... நிக்கணும்னு போட்டிருக்கு."
கொஞ்சம் நிறுத்தி,
"ஆறாம் வளைவுல."

அபுதாகிர் என்னைப் பார்த்தான்.
அந்த வளைவில் மட்டும்தான் நம் பக்கத்து டவர் எட்டும்.
இறங்கி நடந்த நாலு பேரில்
அவள் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள்.
விடுதியில் படிக்கிற மகளுக்கு
அந்நேரம்தான் வார்டன் போன் கிடைக்கும்.
வேறுவேறு கடையில் வாங்கியவை போலக் கிடந்தவை
ஒவ்வொன்றாய்ப் போய் மாட்டிக்கொண்டன.

நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.
போனைக் காதில் வைத்தபடியே அவள் இறங்கினாள்.

"பெட்டியா வாங்கியிருந்தா
தமிழ்ல புத்தகம் போட்டுக் குடுத்திருப்பான்"
என்றான் அபுதாகிர்,
வாட்சைத் திருப்பி வைத்துக்கொண்டு.