முதல் குழி

தண்டையார்பேட்டை, மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஏணி திருப்பத்தில் இரண்டு முறை இடித்தது.
கல்யாண மண்டபம், ஜெபக்கூடம்,
ஒருமுறை பல் டாக்டர் வீட்டு ஹால்,
எல்லாவற்றுக்கும் புரொஜெக்டர் மாட்டியிருக்கிறேன்.
கோல்ஃபுக்கு இதுதான் முதல்.

பெர்க்மான்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
கப்பல் வராத இரவுகளில்
உச்சிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
செல்போனில் பார்த்தே ஆட்டம் பழகியவர்.
கோல்ஃப் புல்லை ஒருநாளும் மிதித்ததில்லை.
"முப்பது டன் பொட்டி ஆடுச்சுன்னா
நிறுத்தறது என் வேலை.
இதுல ஆட விடணும். அதான் புடிச்சுப்போச்சு."

பதினேழு அடி நீளம், பதினொன்று அகலம்,
உயரம் ஒன்பதுக்கு இரண்டு விரல் குறைவு.
சுவரெங்கும் பழைய மெத்தை.
எதிரே, அடி வாங்குவதற்கென்றே நெய்த
தடித்த வெள்ளைத் திரை.

ரிச்சி தெருவில்
பாதி விலைக்கு ஒரு பெட்டி காட்டினார்கள்.
அவர் பர்ஸைத் திறந்துவிட்டார்.
கையைப் பிடித்தேன்.
"இது பதிமூன்றரை அடி பின்னால போனாத்தான்
ஒன்பதடி படம் விரியும்.
நடுவுல உங்க முதுகு இருக்கும்ணே.
அடிக்கிற பந்தெல்லாம்
உங்க நிழலோட இடுப்புலதான் போய் விழும்."

கிட்டத்தில் நின்றே அகல விரிக்கும் லென்ஸ் வேண்டும்.
ஏழேகால் அடி. தலைக்கு முன்னால்,
மட்டை சுழன்று எட்டாத இடத்தில்.
வெளிச்சம் நாலாயிரம்,
குறைந்தால் பகல் வெயிலில்
புல் சாம்பல் நிறமாகிவிடும்.
கடைக்காரர் என்னை முறைத்தார்.
பெர்க்மான்ஸ் வெளியே போய்
அன்சிலாவுக்குப் போன் போட்டார்.
வெகுநேரம் கழித்து வந்து
"சீட்டை எடுத்துக்கலாம்னு சொல்லுது" என்றார்.

கான்கிரீட்டைத் தட்டித் தட்டிக் கம்பி தேடினேன்.
துருப்பிடிக்காத போல்ட்தான்,
கடல்காற்று மற்றதை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும்.
அடிக்கிறவர் பந்துக்கு இடப்பக்கம் நிற்பார்,
வெளிச்சம் மறுபக்கத்திலிருந்து வரட்டும் என்று
நடுவிலிருந்து வலப்பக்கம் ஒன்றரை அடி தள்ளித்
துளை போட்டேன்.
கண்ணிமை வரை சிமெண்ட் மாவு.

மட்டையோடு உள்ளே வந்தவர்
பாயின் வலப்பக்கம் போய் நின்றார்.

"இடக்கையா அண்ணே?"

"சோறு வலதுதான். கையெழுத்தும் வலதுதான்.
மட்டை இடக்கைக்காரன்து.
மூர் மார்க்கெட்ல எவனும் வாங்காம கெடந்துச்சு,
பதினாலும் சேர்த்து மூவாயிரம்.
கைய மாத்திக்கினா துட்டு மிச்சம்பா."

ஆறு மாதம், மொட்டைமாடியில்,
சுருட்டிக் கட்டிய சாக்ஸை அடித்தடித்து
உடம்பையே திருப்பிப் போட்டிருக்கிறார்.

ஏணியில் நின்றபடி என் துளையைப் பார்த்தேன்.
தப்பான இடத்தில்
அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

மறுபடி டேப். இடப்பக்கம் ஒன்றரை.
மறுபடி மாவு.
பொத்தானில் கோணல் திருத்தினால் எழுத்து மங்கும்,
பெட்டியையே மயிரிழை மயிரிழையாய் நகர்த்தினேன்.
மூலை நான்கும் திரையில் போய் உட்கார்ந்தன.
பச்சை. ஒரு குட்டை.
தூரத்தில் சிவப்புக் கொடி.

அந்நேரம் பார்த்து
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி போக
கூரை அதிர்ந்தது,
மொத்தப் புல்வெளியும் நடுங்கியது.
ரப்பர் வாஷரைத் தேடினேன்.
"இருப்பா. காத்துல கொடி ஆடற மாதிரி கீது."
போட்டுத்தான் இறங்கினேன்,
இல்லையென்றால் ஒரே வருடத்தில் நட்டு கழன்றுவிடும்.

டீயோடு வந்த அன்சிலா அக்கா
புரொஜெக்டரைப் பார்க்கவில்லை.
நேராக மற்றதைக் காட்டி
"அது இன்னாத்துக்கு?"
"தப்பா போட்டதுக்கா. வெள்ளை சிமெண்ட் வெச்சு
அடைச்சிடறேன்."
"அடைக்காத. ஒரு கொக்கி மாட்டு.
டிசம்பர்ல ஸ்டார் தொங்கவிடலாம்."

மனதுக்குள் கோடு இழுத்துப் பார்த்தேன்.
அங்கே தொங்கினால் படத்தில் நிழல் விழாது.
பந்து வலப்பக்கம் விலகினால் மட்டும்
ஸ்டார் உடையும்.
பெர்க்மான்ஸ் கொக்கியை ஒரு தரம் பார்த்துவிட்டு
கால்களைச் சற்று இடம் மாற்றி வைத்தார்.

ஒரு துளைக்குத்தான் காசு வாங்கினேன்.