இரண்டு தேங்காய்

தொத்தலுகல ஏறிய மூன்றாம் நாளும்
நீங்கள் அதையேதான் சொன்னீர்கள்:
"காட்டுக்கு யாராவது தேங்காய் தூக்கிட்டு வருவாங்களா?"

நான் தூக்கினேன்.
முதல் ராத்திரி ஒன்றைக் கத்தியால் கீறிச்
சம்பல் போட்டபோது
கூடாரத்துக்குள் நால்வரும் பேச்சில்லாமல் தின்றோம்.
மற்றது என் பைக்குள் உருண்டு
முதுகெலும்பை எண்ணிக்கொண்டே வந்தது.

வழியெல்லாம் அட்டை.
தன் காலில் பதினேழு, உங்கள் காலில் முப்பத்தொன்று
என்று டிலுக்சன் கணக்கு வைத்தான்.
மூங்கில் புதரில் தடம் தொலைந்த இடத்தில்
ஷாமிலி முன்னே போய்
"இந்தப் பக்கம் வாங்கப்பா" என்று அதட்டினாள்.
அது என் குரல்.

உச்சியில் ஒன்றுமில்லை.
மலைத்தொடர் முழுக்க யாரோ
பால்மா கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

நீங்கள்தான் கேட்டீர்கள்:
"அந்தத் தேங்காய் எங்க?"
"சாமிக்கா, சம்பலுக்கா?" என்றான் சின்னவன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

பாறையில் ஒரே அடி.
தண்ணீர் கொஞ்சம் கல்லுக்கு,
மிச்சம் ப்ளாஸ்க் மூடியில் ஆளுக்கொரு வாய்.
ஒரு பாதி உங்கள் கையில் நின்றது,
மறுபாதி நழுவி
முகிலுக்குள் உருண்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
நால்வரும் காது கொடுத்தோம்.

விழுந்த சத்தம்
இன்னும் வரவில்லை.