வெளியேறும் வழி

செகாம்புட்டில்
டயர் கிடங்கு காலி செய்துவிட்டுப் போன மூன்றாம் மாடி.
ரப்பர் நாற்றம் போக ஏழு மாதம் ஆனது.
கீரைக்கு மூக்கில்லை, பிழைத்தோம்.

ஆறடுக்குத் தட்டுகள், பதினெட்டு வரிசை.
ஊதா விளக்கின் கீழ்
எங்கள் முகமெல்லாம் நாவற்பழம் தின்ற வாய்.
நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும் மழையைத்
தகரக் கூரை சொல்லித்தான் அறிவோம்.
உள்ளே தண்ணீர் சொட்டுக் கணக்கு;
அதற்கும் ரசீது.

ஹஃபிஸி நிரல் எழுதுகிறான்.
நான் கணக்கு எழுதுகிறேன்.
"கோமளா, செடி பேசுது பார்" என்பான்,
திரையில் ஏறி இறங்கும் கோட்டைக் காட்டி.
என்னிடம் பேசுவது கரண்ட் பில் மட்டும்,
மாதாமாதம், குரலை உயர்த்தி.

பணம் போடுகிறவர்கள் வருவது
வியாழன் காலை பத்து மணிக்கு.
புதன் நள்ளிரவு தாண்டி இரண்டு இருபதுக்கு
மின்சாரம் போனது.

ஜெனரேட்டர்
அடுத்த காலாண்டுச் செலவில் இருந்தது.

பம்பு நின்றபின் வரும் அமைதியை
அதுவரை நான் கேட்டதில்லை.
குழாய்க்குள் வேர்கள்
ஈரம் இறங்க இறங்க
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
வாளி இருந்தது. பூவாளி இல்லை.
நாலு லட்சம் வெள்ளி விவசாயத்தில்
ஒரு பூவாளி இல்லை.

தே ஓ வாங்கி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கழுவி
ஊசியால் ஓட்டை போட்டோம்.
கீழே காவலுக்கு இருந்த தில்பகதூர்
யாரும் கூப்பிடாமல் மேலே வந்து
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
பன்னிரண்டாம் வரிசையிலிருந்து ஆரம்பித்தான்.
அந்தக் கூடம் முழுக்க
தானாக எரிந்த விளக்கு ஒன்றே ஒன்று:
கதவுக்கு மேல், பச்சை எழுத்தில்,
கெலுவார்.

ஐந்தே காலுக்கு வெளிச்சம் வந்தது.
முந்நூறு கைலான் தலை சாய்த்திருந்தது.
கதவோரத் தட்டில்
முளைத்து மூன்று நாளான பிஞ்சுகள்
பள்ளிக்கூட வரிசை மாதிரி
ஒன்று பாக்கியில்லாமல்
அந்தப் பச்சை எழுத்தை நோக்கி வளைந்திருந்தன.

"பச்சை வெளிச்சத்தில் அதுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது,
பாதியைத் திருப்பி அனுப்பிடும்" என்றான் ஹஃபிஸி.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
பிறகு,
"தட்டைத் திருப்பி வச்சிடலாமா,
அவங்க வர்றதுக்குள்ள?"

நான் பல் தேய்க்கப் போய்விட்டேன்.

வந்தவர்கள் நாலு பேர்.
வெள்ளைச் சப்பாத்துப் போட்ட பையன்
கேமரன் மலை லாரிக் கீரை
மொத்தச் சந்தையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு
எங்கள் விலையையும் கேட்டான்.
இரண்டையும் ஒரே வரியில் எழுதி
நடுவே கோடு கிழித்தான்.
ஓர் இலையைக் கிள்ளி மென்றார் மிஸ்டர் லியோங்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
"எல்லாம் சரி, உங்க எக்ஸிட் என்ன?"

தூங்காத மூளை.
கை நீட்டிக் கதவைக் காட்டினேன்.

மூன்று பேர் சிரித்தார்கள்.
அந்தப் பெண்மணி மட்டும், நோரைனி,
கதவோரத் தட்டருகே குந்தி உட்கார்ந்து
"இது ஏன் இப்படிச் சாஞ்சிருக்கு?" என்றார்.

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை என்றேன்.
பையில் ஓட்டை போட்டதைச் சொன்னேன்.
பாதி சொல்லும்போதே
ஹஃபிஸி தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.
அவர் குறித்துக்கொண்டார்.
என்ன என்று தெரியாது.
எண்ணாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரத்தில் பதில் சொல்வார்களாம்.

சாயங்காலத்துக்குள் பிஞ்சுகள் நிமிர்ந்துவிட்டன,
தண்டின் அடியில் சின்ன முழங்கை ஒன்றை வைத்துக்கொண்டு.
வாடிய கைலானை இரண்டு மூட்டையாகக் கட்டித்
தில்பகதூர் விடுதிக்குக் கொண்டுபோனான்.
உப்புக் கண்டம் போட்டு வதக்குவார்களாம்.
இந்த இடத்தின் முதல் அறுவடையை
முழுசாகத் தின்னப்போவது அவர்கள்தான்.

நான் ஜாலான் ஈப்போவில் இறங்கி
ஒரு சாமான் கடைக்குப் போய்வந்து
கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
செலவா, மூலதனமா என்று
பேனா கொஞ்சம் நின்றது.

மூலதனம்: பூவாளி ஒன்று.
ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு.