வடக்கே, ஓர் இம்மி மேற்கு

காமலாபுரம் ஏர்போர்ட்டிலிருந்து
வின்னிபெக் ஏர்போர்ட்டுக்கு
பதின்மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
என்றது போன்.
அந்தக் கோட்டில் விமானமே கிடையாது என்பதைச்
சொல்லவில்லை.

கோகிலவாணி போனது
ராத்திரி பஸ்ஸில் பெங்களூரு, பிறகு தோஹா,
பிறகு மான்ட்ரியல், அங்கே
பெட்டிமேல் கால் நீட்டிப் பதினோரு மணி நேரம்,
அப்புறம்தான் வின்னிபெக்.
நர்ஸ் வேலை. இது இரண்டாவது குளிர்காலம்.

எனக்குத் தூரம் தெரியாதா?
ஏற்காடு தடத்தில் பதினாறு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன்.
ரோட்டில் முப்பது. நூல் பிடித்தால் பதினாலு.
மீதி, மலை வாங்கிக்கொள்ளும் சுங்கம்.

ராத்திரி அவள் கூப்பிட்டால்
மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நிற்பேன்.
ஸ்டீல் பிளான்ட் வெளிச்சத்துக்கு அந்தாண்டை,
சூரியன் போன பக்கம்தானே கனடா?

கண்டக்டர் தீர்த்தகிரிதான் அதைக் கெடுத்தான்.
மகனுக்கு உலக உருண்டை வாங்க
முதல் அக்ரஹாரம் போயிருந்தோம்.
கடைக்காரர் முறைக்க முறைக்க
டிக்கெட் மெஷின் காகிதத்தை முழ நீளம் கிழித்தான்.
ஒரு முனை சேலத்தில், என் கட்டைவிரலுக்கு அடியில்.
மறுமுனையை அவன் வின்னிபெக்கில் இழுத்துப் பிடிக்க
ஐரோப்பா வழியாகக் கிடந்த காகிதம்
நழுவியது,
நழுவி மேலே ஏறியது,
ரஷ்யா தாண்டி, உச்சியில்
கம்பி செருகிய இடத்தை உரசிக்கொண்டு நின்றது.
"வடக்கேண்ணா" என்றான். "ஓர் இம்மி மேற்கு."

வடக்கு என்றால் சேர்வராயன் மலை.
வடக்கு என்றால் என் தடம்.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டினால் இப்போது புதுக் கணக்கு.
ஒரு வளைவில் அவள் பக்கம் திரும்புகிறேன்,
அடுத்த வளைவில் முதுகு காட்டுகிறேன்.
இருபது வளைவு.
எட்டாவதில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.
மேலே போய் நிற்கும்போது
அவளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிட்டே இருப்பேன்.
ஒரு டீ. பிறகு அதையும்
திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்குவேன்.
நாளைக்கு மூன்று நடை.

நேற்று முதல் வண்டி. ஏரி தெரியாத மூடுபனி.
அவளுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழே கால்,
மைனஸ் இருபத்தெட்டு, பஸ் வரவில்லை.
"உன் பக்கம் பார்த்துத்தான் நிக்கிறேன்" என்றேன்.
"நானும்தான். தெற்கே."
"தெற்கே இல்ல வாணி. உனக்கும் வடக்குதான்."
எதிரெதிர் ஆட்கள் ஒரே திசையைப் பார்ப்பார்களா
என்று சிரித்தாள்.
காகிதத்தைச் சொன்னேன். கம்பியைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

வராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலைவைக்கக் கூடாதென்று
கிளம்புகிற அன்று
கட்டிலைத் தனியாக இழுத்துத் திருப்பிப் போட்டவள்.

பனி நொறுங்கும் சத்தம். பூட்ஸைத் திருப்புகிறாள் போல.
"திரும்பிட்டேன்" என்றாள்.
"எதிர்காத்து. மூஞ்சியில அறையுது."
"இங்கயும்" என்றேன்.
ஓர் இலை அசையவில்லை.
தீர்த்தகிரி விசில் ஊதிவிட்டான்,
வண்டியைத் தெற்கே திருப்ப வேண்டும்.